ஐஸ்கிரீம் பெட்டியில் போன வடை

கண்டிப் பெரஹரா ஊர்வலத்துக்கு முந்திய கிழமை அது. காலைச் சாப்பாட்டுக்கு இடியப்பம் அவித்திருந்தேன். என் கணவர் சம்பலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார் — சட்டி மூடியை மல்லாத்தி, அதற்குள்.

“என்னப்பா இது?” என்றேன்.

“ஏனம் இல்லை. இருந்த நல்ல ஏனமெல்லாம் மேல் வீட்டில குடியிருக்குதுகள்” என்றார், சிரிக்காமல்.

அவர் ஓய்வு பெற்ற நில அளவையாளர். எந்தப் பொருள் எந்த எல்லைக்குள் கிடக்கிறது என்பதைச் சரியாகச் சொல்லிவிடுவார். சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்கும் என்ற இடத்திலும் சொல்லிவிடுவார்.

மேல் வீடு என்றால் ரிஸ்வானாவின் வீடு. கண்டியில் பக்கத்து வீடு என்பது பக்கத்தில் இருக்காது என்று உங்களுக்குத் தெரியும். மேலே இருக்கும், இல்லாவிட்டால் கீழே இருக்கும். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் எங்கள் ஒழுங்கை மூச்சு வாங்க ஏறுகிறது. எங்கள் குசினி ஜன்னலும் அவர்களுடைய முன்படியும் ஒரே உயரம். நான் தேங்காய் துருவிக்கொண்டே அவவுடன் கதைக்கலாம். அப்படித்தான் பல வருசமாகக் கதைத்துக்கொண்டிருந்தோம்.

ரிஸ்வானாவின் கணவர் நஸீர் நானா டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். ஒரே மகள். அந்தப் பிள்ளைக்கு இந்த வருசம் கல்யாணம் முடிந்து, மாப்பிள்ளையோடு கட்டாருக்குப் போய்விட்டாள். கல்யாணத்தில் நானும் ரிஸ்வானாவும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது வீடியோவில்கூட இருக்கிறது.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஏனங்கள் போய்வருவது பழைய வழக்கம். பெருநாளுக்கு வட்டிலப்பம் இறங்கும். பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் ஏறும். நோன்புக் காலத்தில் கஞ்சி. ஆடிப் பிறப்புக்குக் கொழுக்கட்டை. நான் சாமிக்குப் படைக்க முன்னமே அவர்களுக்கென்று ஒரு பங்கை எடுத்து வைத்துவிடுவேன். வெள்ளிக்கிழமை எங்களுக்கு மரக்கறி என்று அவவுக்குத் தெரியும். இதையெல்லாம் ஒருவரும் ஒருவருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. பழகப் பழகத் தெரிந்துவிட்டது.

இதில் ஒரு சட்டம் உண்டு. பாராளுமன்றம் இயற்றியதல்ல, ஆனால் அதைவிட இறுக்கமானது. வந்த ஏனம் வெறுமையாகத் திரும்பக்கூடாது. ஏதாவது வைத்துத்தான் அனுப்ப வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் ஒரு பிடி சீனியாவது. தமிழர் வீடு, முஸ்லிம் வீடு, சிங்கள வீடு — இந்த நாட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்ட சட்டம் இது ஒன்றுதான் என்று எனக்குச் சில நேரம் தோன்றும்.

யோசித்துப் பாருங்கள். இந்தச் சட்டப்படி ஓர் ஏனம் பயணம் போகத் தொடங்கினால் அது நிற்கவே நிற்காது. வட்டிலப்பம் வந்த கிண்ணத்தில் முறுக்கு போகும். முறுக்குக்குப் பதில் சமோசா வரும். சமோசாவுக்கு…

ஆனால் இந்த முறை நின்றுவிட்டது.

எங்கள் கல்யாண நாளுக்குப் பாயசம் செய்து, மூடியோடுள்ள நீலப் பூப் போட்ட பீங்கான் டிஷ்ஷில் அனுப்பினேன். டிஷ் வரவில்லை. ஒரு கிழமை போனது. ஒரு மாதம் போனது. சரி, ரிஸ்வானா மறந்துவிட்டா. எப்படி ஞாபகப்படுத்துவது? “என்ர டிஷ்ஷைத் தாங்கோ” என்று கேட்க முடியுமா? அதைவிட வீட்டை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போகலாம்.

எனவே நாகரிகமான ஒரு வழியைக் கண்டுபிடித்தேன். ஆடிப் பிறப்புக்கு எவர்சில்வர் கிண்ணம் நிறையக் கொழுக்கட்டை அனுப்பினேன். கிண்ணத்தைக் கண்டதும் டிஷ் ஞாபகம் வரும், இரண்டும் சேர்ந்து இறங்கும் என்பது என் கணக்கு.

கிண்ணமும் போனது போனதுதான்.

இதற்கு நடுவில்தான் நான் வேலை செய்யும் கந்தோரில் இருந்து எங்களைப் பல்லேகலயில் ஒரு செயலமர்வுக்கு அனுப்பினார்கள். ‘உளநலமும் வேலைத்தலமும்’ என்று தலைப்பு. அரசாங்கச் செயலமர்வு என்றால் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நித்திரை என்றுதான் நான் நினைத்துப் போனேன். ஆனால் அன்று வகுப்பெடுக்க வந்த வளவாளர் நித்திரை கொள்ள விடவில்லை. மடுல்கெல்லப் பக்கத்துப் பிள்ளை, பெயர் சுகந்தி. கண்டியில் உளவளத்துணையாளராக இருக்கிறா. மெல்லிய உருவம், ஆனால் மைக் தேவையில்லாத குரல்.

“நீங்க ஆபீசுக்கு லேட்டா வர்றீங்கன்னு வச்சுக்குவோம். ஏன் லேட்டுன்னு கேட்டா என்ன சொல்வீங்க?” என்று கேட்டா.

“பஸ் பிந்திட்டுது” என்றது மண்டபம், ஒரே குரலில். நல்ல பழக்கம் உள்ள குரல்.

“சரி. பக்கத்து மேசைக்காரர் லேட்டா வந்தா?”

“பொறுப்பில்லாத மனுசன்” என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார். எல்லோரும் சிரித்தோம். பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார்.

“அவ்வளவுதாங்க விசயம். நாம தப்பு செஞ்சா சூழ்நிலை. மத்தவங்க செஞ்சா குணம். நம்ம பஸ்ஸை நமக்குத் தெரியும். அவங்க பஸ்ஸு நம்ம கண்ணுக்குத் தெரியாது. அதுனால அவங்களுக்குப் பஸ்ஸே இல்லேன்னு முடிவு பண்ணிர்றோம்” என்றா சுகந்தி.

இன்னும் பல சொன்னா. ஒருவரைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டால், அதற்குப் பொருந்துகிற சாட்சியை மட்டும் மனம் தேடித் தேடிச் சேர்க்குமாம். பொருந்தாததைக் கண்டும் காணாமல் விட்டுவிடுமாம். அதற்கு ‘உறுதிப்படுத்தும் சாய்வு’ என்று பெயர். எதிரே இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று கேட்காமலே நமக்குத் தெரியும் என்று நம்புவது ‘மனம் வாசித்தல்’. பயப்படுகிற ஒன்றிலிருந்து விலகி விலகிப் போவது ‘தவிர்த்தல்’ — விலகும்போது அந்த நேரத்துக்கு நிம்மதியாக இருக்கும், ஆனால் பயம் பின்னால் நின்று வளரும்.

நான் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். புதுச் சாறி கிடைத்தால் கட்டிப் பார்க்க வேண்டும் அல்லவா? அந்தக் கிழமை முழுக்க எல்லோருக்கும் கட்டிப் பார்த்தேன். கந்தோரில் பிரதம லிகிதர் கோப்பில் கையெழுத்து வைக்காமல் இழுத்தடிப்பது தவிர்த்தல். எந்தக் கிரிக்கெட் அணி தோற்றாலும் ‘நான் அப்பவே சொன்னேன்’ என்கிற கந்தோர் வாகனச் சாரதி, உறுதிப்படுத்தும் சாய்வு. ஒழுகும் பைப்பைத் திருத்தாமல் என் கணவர் வாளி வைக்கிறாரே, அது கடும் தவிர்த்தல்.

“உந்தச் செயலமர்வுக்கு உம்மை அனுப்பினவைக்குத்தான் முதல்ல வைத்தியம் பார்க்க வேணும்” என்றார் அவர். வாளியை மட்டும் மாற்றினார்.

ஒரே ஓர் ஆளுக்குத்தான் நான் கட்டிப் பார்க்கவில்லை. யாரென்று நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள்.

ரிஸ்வானா விஷயத்தில் என் மனம் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டது. மகள் வெளிநாடு போனதும் ஆளுக்குப் பெருமை வந்துவிட்டது. சாட்சிகள்? வேண்டியளவு. முன்படியில் வந்து நிற்பதில்லை. என்னைக் கண்டால் உள்ளே போய்விடுகிறா. பகலிலும் திரைச்சீலை மூடியிருக்கிறது. வட்ஸ்அப்பில் ‘எப்படி இருக்கிறீங்கள்’ என்று அனுப்பினேன். வாசித்ததற்கு நீலக் கோடு விழுந்தது. பதில் விழவில்லை. அந்த நீலக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நான் வயிறெரிந்தது எனக்குத்தான் தெரியும்.

“அவவுக்கு ஏதும் சுகமில்லையோ தெரியாது” என்றார் கணவர்.

“இவ்வளவு காலமா ஒரு வருத்தமே? சும்மா இருங்கோ. நீங்கள் ஆக்களின்ர நல்ல பக்கத்தை மட்டும் பாக்கிறியள்.”

“நீர் பாக்கிற பக்கத்தில திரைச்சீலை மூடியிருக்கு எண்டு நீர்தானே சொன்னீர்?”

இந்த மனிதருக்குச் செயலமர்வே தேவையில்லை என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. அப்போது வந்தது கோபம். அந்தக் கோபத்தில்தான் நான் அதைச் செய்தேன்.

வடை சுட்டு, ஐஸ்கிரீம் பெட்டியில் போட்டு அனுப்பினேன்.

இதில் என்ன இருக்கிறது என்று வெளிநாட்டில் இருந்து வாசிக்கும் யாராவது கேட்கக்கூடும். இங்கே இருப்பவர்களுக்கு உடனே விளங்கியிருக்கும். ஐஸ்கிரீம் முடிந்த பிளாஸ்டிக் பெட்டியை நாங்கள் எறிவதில்லை. கழுவி அடுக்கி வைப்போம். திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்கிற ஆட்களுக்கு அதில்தான் கொடுத்தனுப்புவோம். விறகு கொத்த வருபவருக்கு. ஒருமுறை வந்து போகும் விருந்தாளிக்கு. பீங்கான் டிஷ்ஷில் சாப்பாடு போன வீட்டுக்கு ஐஸ்கிரீம் பெட்டி போகிறதென்றால், அது பதவியிறக்கம். ‘உங்களிடம் இனி நான் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை’ என்று ஒரு வார்த்தை பேசாமல் சொல்வது. இரண்டு லீற்றர் வெனிலாப் பெட்டி… இத்தனை கோபத்தைக் கொள்ளும் என்று அதைச் செய்தவர்களுக்கே தெரியாது.

வடையைக் கொண்டுபோய் நஸீர் நானாவின் கையில் கொடுத்துவிட்டு வந்தார் கணவர். “மனுசன் நல்லாக் களைச்சுப் போயிருக்கிறார்” என்றார். நான் அதையும் கேட்டுக்கொள்ளவில்லை. பார்த்தீர்களா? பொருந்தாத சாட்சி.

இனித்தான் யாழ்ப்பாணத்து மச்சாள் கதைக்குள் வருகிறா. மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. ஒவ்வொரு வருசமும் பெரஹராப் பார்க்க வந்து எங்களோடு தங்குவா. சடங்கு சம்பிரதாயம் எல்லாம் மச்சாளுக்கு விரல் நுனியில். எங்கள் வீட்டுப் படங்களுக்கு நான் வைக்கும் பூவின் பக்கத்தைக்கூட மாற்றி வைப்பா. முதலில் சொன்ன அந்த வியாழக்கிழமைக் காலை, சட்டி மூடிச் சம்பலை நாங்கள் தொட்டுச் சாப்பிடும்போதே போன் வந்தது.

“பனங்காய்ப் பணியாரம் சுட்டுக்கொண்டு வாறன். நீங்கள் வீடு குடிபுகேக்க நான் தந்த நீலப் பூ டிஷ் இருக்குத்தானே பிள்ளை? அதுக்குள்ள போட்டு வைப்பம். எடுத்துக் கழுவி வையும்.”

“ஓம் மச்சாள்” என்றேன். வேறென்ன சொல்வது?

கணவர் சம்பல் மூடியை ஒருதரம் பார்த்தார். என்னை ஒருதரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று லீவு போட்டேன். மேல் வீட்டுக்கு ஏறும் படிகளில் என்னென்ன சாட்டுச் சொல்லலாம் என்று ஒத்திகை பார்த்தேன். டிஷ்ஷைக் கேட்கக்கூடாது. ஆனால் டிஷ் இல்லாமல் திரும்பவும் கூடாது. கதவைத் தட்டும்போது ஒரு சாட்டுக் கிடைத்தது.

கதவு திறக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ரிஸ்வானாதான். நான் பார்த்துப் பழகிய ரிஸ்வானா இல்லை. கண்ணுக்குக் கீழே கருப்பு. சட்டை தோளில் தொங்கியது, அவ்வளவு மெலிவு. அவவுக்குப் பின்னால் வீடு இருண்டு கிடந்தது.

“கொஞ்சம் கறிவேப்பிலை இருக்குமோ எண்டு…” என்றேன்.

“அக்கா, மரம் உங்கட முத்தத்துலதானே ஈக்கிது” என்றா ரிஸ்வானா.

உண்மைதான். அவவே என்னிடம்தான் கறிவேப்பிலை வாங்குவா.

நான் அசடு வழிய நிற்கும்போதே என் கண் சாப்பாட்டு மேசைக்குப் போய்விட்டது. அங்கே ஒரு வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் நீலப் பூ டிஷ், எவர்சில்வர் கிண்ணம், ஐஸ்கிரீம் பெட்டி. மூன்றும் கழுவித் துடைத்து மினுங்கின. மிகைப்படுத்தவில்லை, உண்மையாகவே மினுங்கின. மறந்து மூலையில் போட்ட ஏனங்கள் அப்படி இருக்காது.

என் பார்வை போன இடத்தை அவவும் பார்த்தா. உடனே அழத் தொடங்கிவிட்டா.

“ஒவ்வொரு நாளும் எடுத்துக் கழுவி வெக்கிற அக்கா. இண்டைக்காவது ஏதாச்சும் செஞ்சு அனுப்போணும் எண்டு நெனக்கிற. குசினிக்குப் போனா கை ஓடுதில்ல. அடுப்புக்கு முன்னால நிண்டு அழுதுட்டு வந்து படுக்கிற. புள்ள போனதிலேந்து இப்பிடித்தான். தூக்கமும் இல்ல. ஆரையும் பார்க்க ஏலா. அவருக்குச் சோறாக்கவே எவ்வளவோ கஷ்டம்.”

“அதுக்கு… சும்மா தந்திருக்கலாமே ரிஸ்வானா” என்றேன்.

அவ என்னை நிமிர்ந்து பார்த்தா. நான் ஏதோ கூடாத வார்த்தை சொன்ன மாதிரி.

“வெறும் ஏனத்தயா? உங்களுக்கா? அவர் சென்னாரு, டவுன் பேக்கரில பெட்டிஸ் வாங்கி வெச்சுக் குடுத்துருவோம் எண்டு. கடச் சாமான வெச்சு உங்களுக்கு அனுப்ப ஏலுமா? அது ஒண்டத் தீர்க்க முந்தி அடுத்த ஏனம் வந்திச்சு. அதப் பார்த்தும் அழுத. உங்கட மெசேஜுக்கும் அப்பிடித்தான். என்னத்த எழுதுற? நல்லா ஈக்கிறேன் எண்டு பொய் எழுதவா?” கண்ணைத் துடைத்துக்கொண்டா. “பொறகு ஐஸ்கிரீம் பெட்டி வந்திச்சு. அப்ப எனக்கு வெளங்கிச்சு அக்கா. இனி எங்கட வூட்டுலேந்து ஒண்டும் வாணாம் எண்டு நீங்க செல்லீக்கிறீங்க எண்டு.”

மனம் வாசிக்கக் கூடாது என்று சுகந்தி படித்துப் படித்துச் சொன்னா. நான் ரிஸ்வானாவின் மனதை மாதக்கணக்கில் வாசித்தேன், ஒரு வரிகூடச் சரியில்லை. அவ என்னுடைய மனதை ஒரே ஒரு பிளாஸ்டிக் பெட்டியை வைத்து வாசித்திருக்கிறா. முழுக்கச் சரி.

நான் ஞாபகப்படுத்துவதாக நினைத்து அனுப்பிய ஒவ்வொன்றும் அந்த மேசையில் போய் அவவுக்குப் பாரமாக உட்கார்ந்திருக்கிறது. அவவுக்கும் ஒரு பஸ் இருந்தது. அது வராமலே நின்றிருந்தது. என் குசினி ஜன்னலில் இருந்து பார்த்தால் அவ்வளவு கிட்ட. நான்தான் பார்க்கவில்லை.

“இருங்கோ, தேத்தண்ணி ஊத்துறன்” என்றேன். அவவுடைய குசினியில் சீனிப் போத்தல் எங்கே என்று எனக்குத் தெரியும். திரைச்சீலையை விலக்கினேன். இருவரும் அந்த மேசையில், ஏனங்களைத் தள்ளி வைத்துவிட்டு, பிளேன்டீ குடித்தோம். அவ சொல்லச் சொல்லக் கேட்டேன். செயலமர்வில் படித்த ஒரு பெயரைக்கூட எடுத்து விடவில்லை. என்னைப் பொறுத்தவரை அது பெரிய சாதனை.

கடைசியில் சுகந்தியைப் பற்றிச் சொன்னேன். ஒருக்கால் போய்க் கதைத்துப் பார்க்கலாம், நானும் வருகிறேன் என்றேன்.

ரிஸ்வானா கோப்பையைக் கீழே வைத்தா. “எனக்குப் பைத்தியமா அக்கா?”

“பைத்தியம் எண்டா, முத்தத்தில மரத்தை வைச்சுக்கொண்டு கறிவேப்பிலை கேட்டு வந்த எனக்குத்தான்.”

சிரித்துவிட்டா. சின்னச் சிரிப்புத்தான், மூக்கு உறிஞ்சலோடு கலந்தது. ஆனாலும் அது பழைய ரிஸ்வானாவின் சிரிப்பு. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

புறப்படும்போது நீலப் பூ டிஷ்ஷைக் கையில் எடுத்தேன். மச்சாள் வருகிறா என்ற உண்மையைச் சொன்னேன். ரிஸ்வானா பதறி எழும்பினா.

“நில்லுங்க, சீனியாவது…”

“வேண்டாம்.”

“ரெண்டு பேரீச்சம்பழம்…”

“ரிஸ்வானா, நான் இதை வெறுமையாத்தான் கொண்டு போகப் போறன். மற்ற ரெண்டையும் நீங்கள் கொண்டு வந்து தாங்கோ. எப்ப ஏலுமோ அப்ப. ஆனா வெறுமையாத்தான் கொண்டு வரவேணும். உள்ளுக்கு ஏதும் கிடந்தால் திருப்பி அனுப்பிப் போடுவன்.”

வெறும் டிஷ்ஷோடு படியிறங்கியபோது கை உண்மையாகவே கூசியது. யாராவது பார்க்கிறார்களா என்று மேலும் கீழும் பார்த்தேன். நாள்பட்ட பழக்கம் அப்படி. நல்லதற்கென்று வந்த பழக்கம்தான். யாருடைய அன்பும் வெறும் கையோடு திரும்பக்கூடாது என்றுதான் யாரோ தொடங்கியிருப்பார்கள். ஆனால் ஒன்றும் செய்ய முடியாமல் ஒருவர் கிடக்கும் காலத்துக்கு அந்தச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு எழுத மறந்துவிட்டார்கள்.

இது ஏனத்துக்கு மட்டுமா? உங்கள் போனைத் திறந்து பாருங்கள். பதில் போடாத ஒரு மெசேஜ் அங்கே இருக்கும். முதல் நாள் என்றால் ‘ஓம், சுகம்’ போதும். ஒரு கிழமை கழிந்தால் ஒரு காரணம் சேர்க்க வேண்டும். ஒரு மாதம் கழிந்தால் ஒரு கட்டுரையே எழுத வேண்டும். கட்டுரை எழுதத் தென்பில்லை, எனவே இன்னும் ஒரு மாதம்… துக்கம் விசாரிக்கப் போகத் தவறிய வீட்டு வாசலை நாங்கள் பிறகு தலை குனிந்து கடப்பதும் இதனால்தான். அந்தப் பக்கம் இருப்பவரோ ‘பெருமை பிடித்தவள்’ என்று தீர்ப்பு எழுதிக்கொண்டிருப்பார். இரண்டு பக்கமும் அன்புதான். நடுவில் ஒரு கழுவிய ஏனம்.

அடுத்த கிழமை நஸீர் நானா கடையைப் பூட்டிவிட்டு, ரிஸ்வானாவைச் சுகந்தியிடம் கூட்டிப்போனார். நானும் போனேன், வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தேன். ஒரு டொக்டரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், பார்த்தார்கள். ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டது என்று நான் எழுதினால் நீங்கள் நம்பக்கூடாது. மாறவில்லை. ஆனால் காலையில் திரைச்சீலை விலகுகிறது. பாதி. என் தேங்காய்த் துருவலுக்கு அது போதும்.

மச்சாள் குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் பையோடும் பணியாரத்தோடும் வந்து இறங்கினா. டிஷ்ஷைப் பார்த்துத் திருப்திப்பட்டா. பெரஹரா பார்த்தா, கால் வீங்கியது, மறுபடி பார்த்தா. எல்லாம் முடிந்து, போன சனிக்கிழமை பின்னேரம் எல்லோரும் விறாந்தையில் இருந்தோம். கேற் திறந்த சத்தம் கேட்டது.

ரிஸ்வானா. தலையை மூடிய சால்வை, கையில் எவர்சில்வர் கிண்ணம். அந்தப் படியிறங்க அவ எவ்வளவு நேரம் வாசலில் நின்று யோசித்திருப்பா என்று அவ முகத்திலேயே தெரிந்தது.

“வெறும் ஏனம்தான் அக்கா” என்றா, கிண்ணத்தை என்னிடம் நீட்டி. “சுகந்தி மிஸ் சென்னாங்க, ஒரு நாளைக்கு ஒரு சின்ன வேல செய்யணுமாம். வூட்டுக்கு வெளியால. இண்டைக்கு வேல இதுதான்.”

நான் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கினேன். கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோசத்தில்தான். என் கணவர் எழும்பித் தன் கதிரையை அவவுக்குக் கொடுத்தார்.

மச்சாள் எழும்பவில்லை. மச்சாள் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தா. இன்னொருமுறை பார்த்தா. பிறகு என்னைப் பின்தொடர்ந்து குசினிக்கு வந்து, காதுக்குள் சொன்னா:

“என்ன பிள்ளை, வெறும் ஏனத்தைக் கொண்டு வந்து தருகினம்?”

“வெறும் ஏனம் இல்லை மச்சாள். அதைப் பிடிச்சுக்கொண்டு ஒரு ஆள் வந்திருக்கு.”

மச்சாள் யோசித்தா. விளங்கியதோ இல்லையோ, அவவுடைய கை விளங்கும்வரை காத்திருக்கவில்லை. மிச்சமிருந்த பணியாரத்தை எடுத்து அந்தக் கிண்ணத்துக்குள் போடத் தொடங்கினா. கொடுத்தனுப்பத்தான், வேறென்னத்துக்கு?

“வேண்டாம் மச்சாள்” என்றேன் நான். “அக்கா, வையுங்கோ அதை” என்றார் வாசலில் நின்ற கணவர், அதே நேரத்தில். நில அளவை செய்த காலத்தில்கூட அவர் அவ்வளவு வேகமாக ஓர் எல்லையைக் காத்திருக்க மாட்டார்.

பணியாரத்தைத் தட்டில் வைத்து, ரிஸ்வானாவை எங்களோடு இருத்திச் சாப்பிட வைத்தோம். ஒன்று சாப்பிட்டா. மச்சாள் விடாமல் இன்னொன்று வைத்தா, அதையும் சாப்பிட்டா. பனங்காய் மணத்துக்கு அவவுக்குத் தும்மல் வந்தது. எல்லோரும் சிரித்தோம். எந்த ஏனமும் எங்கும் போகவில்லை.

அந்த ஐஸ்கிரீம் பெட்டி மட்டும் இன்னும் மேல் வீட்டில்தான் இருக்கிறது. ஐஸ்கிரீம் பெட்டியை யாரும் திருப்பிக் கேட்பதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் நான் கேட்கப் போகிறேன் — அதைத் தருவதற்கு ரிஸ்வானா இன்னொருக்கால் படியிறங்கி வரவேண்டும் அல்லவா?